கழிப்பதா, காப்பதா, விலக்குவதா?

பழைய கிரேக்கக் கலங்கள், சிற்பங்களின் படங்களை வைத்து ஒரு கண்காட்சி. படங்களுக்குக் கீழே சுவரில் ஒட்ட வேண்டிய குறிப்பட்டைகளைத் தமிழில் எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. மொத்தம் 36 அட்டை. ஒவ்வொன்றும் 25 சொல்லுக்குள் முடிய வேண்டும். முதல் 11 அட்டைகள் ஒரே உட்காரலில் முடிந்தன. பன்னிரண்டாவதில் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு பெரிய கண்கள் தீட்டிய மதுக்கிண்ணம் அது. அந்தக் கண்களுக்கு மூலக்குறிப்பில் இருந்தது ஒரே ஓர் அடைமொழி: அப்போட்ரோபெயிக். தேடிப் பார்த்தால் இதே சொல் இன்னும் ஏழு அட்டைகளில் உட்கார்ந்திருக்கிறது. ஆக, ஒரு முடிவு எடுத்தால் எட்டு இடத்துக்கும் ஆகும். தப்பாக எடுத்தால் எட்டு இடத்திலும் தப்பு.

"திருஷ்டின்னு போட்டுட்டுப் போங்களேன், இதுக்குப் போய் நாள் பூரா உட்காந்துக்கிட்டு" என்றாள் மனைவி. நியாயமான யோசனை. கண், வாசல், பொறாமை என்றதும் தமிழில் யாருக்கும் முதலில் வாயில் வருவது அதுதான். ஆனால் அந்தக் கிரேக்கச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்த பிறகு கை கொஞ்சம் தயங்கியது.

கிரேக்கத்தில் 'அப்போ' என்றால் அப்பால், 'ட்ரெபெய்ன்' என்றால் திருப்புதல். இரண்டும் சேர்ந்தால் அப்பால் திருப்பிவிடுதல். வருகிற கேட்டை வந்த வழியே திருப்பி அனுப்புவது எதுவோ அது அப்போட்ரோபையோஸ். பொருளுக்கு மட்டுமல்ல, தெய்வத்துக்கும் இது பட்டப்பெயர். அரிஸ்டோபனீஸின் நகைச்சுவை நாடகங்களில் பாத்திரங்கள் திடுக்கிட்டால் "அப்போலோன் அப்போட்ரோபையே!" என்று கத்தும். நாம் "அப்பனே முருகா" என்று நெஞ்சில் கை வைப்பதுபோல. 'விலக்கிவிடப்பா' என்கிற வேண்டுதல் அந்தக் கூப்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அதே 'திருப்பு' வேரில் இன்னொரு சொல் நம் வீட்டு ஷோகேஸ் வரைக்கும் வந்திருக்கிறது. போரில் எதிரி எந்த இடத்தில் புறங்காட்டித் திரும்பினானோ அங்கே கிரேக்கர்கள் ஒரு கம்பத்தை நட்டு, அவன் போட்டுவிட்டு ஓடிய தலைக்கவசத்தையும் கேடயத்தையும் அதற்கு மாட்டிவைப்பார்கள். அதன் பெயர் ட்ரோபையோன். நம் பிள்ளைகள் பள்ளி ஆண்டு விழாவில் வாங்கி வருகிற டிராபி அதன் வழிவந்ததுதான். கம்புக்கு உடுப்பு மாட்டிய அந்த உருவத்தைப் பழைய ஓவியங்களில் பார்த்தால், கட்டி முடியாத வீட்டு மாடியில் பழைய சட்டை போட்டு நிற்கும் வைக்கோல் பொம்மைதான் ஞாபகம் வருகிறது.

சரி, இப்போது 'திருஷ்டி'யை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

வடமொழியில் த்ருஷ்டி என்றால் வெறும் பார்வை. கெடுதல் என்ற பொருளைச் சேர்ப்பதற்குத் தோஷம் என்று ஒரு வால் போட வேண்டும்: திருஷ்டி தோஷம். நாம் வாலை விட்டுவிட்டோம். தமிழில் திருஷ்டி என்றாலே கெட்ட பார்வைதான். தெலுங்கில் திஷ்டி என்று தேய்ந்ததும் அதே கதை. இந்தி பேசுகிறவர்கள் சொல்லும் நஜரும், துருக்கியில் நீலக்கண் மணிக்குச் சொல்லும் நஜரும் அரபியில் சும்மா பார்வை என்கிற ஒரே சொல்தான். இன்னொன்று: தரிசனம் என்ற சொல்லுக்கும் திருஷ்டிக்கும் வேர் ஒன்றே. கோயிலுக்குப் போய் வரிசையில் நின்று வாங்குகிறோமே, அந்தப் பார்வையும், தெருமுனையில் நின்று வாங்கிவிடக் கூடாது என்று பயப்படுகிறோமே, அந்தப் பார்வையும் உடன்பிறப்புகள்.

திருஷ்டியில் எனக்குச் சிக்கல் இரண்டு. முதலாவது எளிது. அது கண்ணை மட்டும்தான் சொல்கிறது. கிரேக்கச் சொல்லுக்குள் பேய், நோய், சாபம், பொறாமை எல்லாமே அடங்கும். இரண்டாவது சிக்கல் அதற்குப் பின்னால் நாம் சேர்க்கும் வினை. திருஷ்டியை நாம் கழிக்கிறோம். கழிக்க வேண்டுமானால் முதலில் அது வந்து ஒட்டியிருக்க வேண்டும் அல்லவா?

இதை நான் அகராதியில் படிக்கவில்லை, அப்பத்தாவிடம் பார்த்தேன். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த இரவு எனக்குக் காய்ச்சல் அடித்தால், வெளக்கு வைத்த பிறகு என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைப்பாள். இடது உள்ளங்கையில் கல் உப்பு, ஏழு வரமிளகாய், முச்சந்தி மண் ஒரு சிட்டிகை, விளக்குமாற்றிலிருந்து ஒடித்த இரண்டு ஈர்க்கு. "ஊருக்கண்ணு, உறவுக்கண்ணு, கொள்ளிக்கண்ணு, நொள்ளக்கண்ணு" என்று முணுமுணுத்தபடி மூன்று தரம் இப்படிச் சுற்று, மூன்று தரம் அப்படிச் சுற்று. "துப்புடா" என்பாள். மூன்று தடவை கைக்குள் துப்ப வேண்டும். எல்லாம் நேரே அடுப்புக்குள் போகும். உப்பு படபடவென்று வெடிக்கும். மிளகாய் கருகும்போது வீடே இரும வேண்டும். இருமல் வராவிட்டால் அப்பத்தா முகத்தில் ஒரு திருப்தி: "பாத்தியா, நெடியே இல்ல. எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு!"

இதற்கு அவள் சொல்லும் பெயர் 'சுத்திப்போடுறது'. இது மருந்து. கேடு ஏற்கெனவே உடம்பில் இறங்கிவிட்டது, அதை இழுத்து நெருப்பில் போடுகிறாள். என் 12ஆம் அட்டையில் இருக்கும் கண்ணோ யாருக்கும் காய்ச்சல் வந்த பிறகு தீட்டியதல்ல. கேடு வாசலில் நிற்கும்போதே முகத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவது அது. இந்த வேறுபாடு புரிந்ததும் மற்ற சொற்களைச் சோதிக்க எனக்கு ஓர் உரைகல் கிடைத்த மாதிரி இருந்தது: கேடு எங்கே நிற்கிறது? வாசலிலா, உடம்பிலா?

அடுத்து 'கண்ணேறு'. தனித்தமிழ் அன்பர்கள் திருஷ்டியின் இடத்தில் இதைத்தான் வைப்பார்கள். எனக்கும் மிகவும் பிடித்த சொல். பலர் நினைப்பதுபோல இதில் உள்ள ஏறு, படியேறுகிற ஏறு அல்ல. எறிதல் என்ற வினையிலிருந்து வந்த பெயர். கல்லேறு, இடியேறு என்கிறோமே, அதே ஏறு. ஒருவர் கண்ணால் எறிகிறார், அது மேலே வந்து விழுகிறது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்ற பழமொழி எந்தக் கற்பனையில் பிறந்ததோ அதே கற்பனையில் பிறந்த சொல் இது. மலையாளத்திலும் கண்ணேறு உண்டு, கூடவே நாவேறும் உண்டு.

கண்ணூறு என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எழுத்துப்பிழை என்று நினைத்து நானே ஒரு காலத்தில் திருத்தியிருக்கிறேன். பிழை இல்லை. ஊறு என்றால் தீங்கு. ஊறு என்றால் தொடுகை என்றும் பொருள். சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்று வள்ளுவர் அடுக்கும் இடத்தில் அது தொடுவுணர்ச்சி. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தன் மகள் சாப்பிட மறுத்தால் "நாவூறு பட்டிட்டுது" என்பார். யாரோ "பிள்ளை நல்லாச் சாப்பிடுறாள்" என்று வாயாரச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். கண்ணைவிட நாக்குக்குப் பயப்படுகிற அந்தச் சொல்லில் அனுபவம் அதிகம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வைணவ உரைகளில் இன்னும் அழகான ஒன்று இருக்கிறது: கண்ணெச்சில். அடுத்தவர் கண் பட்டது எச்சில் பட்டதுபோல என்கிற எண்ணம். பெரியாழ்வார் கடவுளுக்கே பல்லாண்டு பாடியதற்கு அவர்கள் சொல்லும் காரணமும் இதுதான். அவ்வளவு அழகுக்குக் கண்ணெச்சில் பட்டுவிடக் கூடாதே என்று அவர் பதறினாராம்.

ஆனாலும் கண்ணேறு, கண்ணூறு, நாவூறு, கண்ணெச்சில் நான்கும் நோயின் பெயர்கள். எனக்கு வேண்டியது அதைத் தடுப்பதன் பெயர். கிரேக்கத்தில் இவற்றுக்கு நேரான சொல் தனியாக இருக்கிறது: பஸ்கானியா. இன்றைய கிரேக்கர்களும் கண் பட்டதற்கு அதைச் சொல்கிறார்கள். ஆகவே கண்ணேற்றை இங்கே செலவழித்துவிட்டால், நாளைக்குப் பஸ்கானியா வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

புதிதாக ஒன்றை உருவாக்கலாமா என்றும் பார்த்தேன். ஒரு மாலை முழுக்கத் தாளில் கிறுக்கியதில் தேறியவை: தீவிலக்கி, பேய்விரட்டி, கேடுதாங்கி. தீவிலக்கி என்றால் அலுவலக மூலையில் தொங்கும் சிவப்பு உருளை. பேய்விரட்டி என்றால் கொசுவிரட்டியின் அண்ணன், பிளக்கில் மாட்ட வேண்டும்போல இருக்கிறது. கேடுதாங்கி மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது, இடிதாங்கியின் நிழலில். இடிதாங்கி இடியைத் திருப்பி அனுப்புவதில்லை, தன் மேல் வாங்கிக்கொள்கிறது. வீட்டு வாசல் பூசணிக்காய் செய்வதும் அதுதான். பல்லை இளித்துக்கொண்டு, கரிய மீசையோடு, 'என்னைப் பார்' என்கிறது. பார்க்கிறவன் கண் முதலில் அதில் விழுந்து வலுவிழந்துவிடுகிறது, வீடு தப்பிக்கிறது. கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், இம்மாதிரிப் பொருள்கள் ஏன் வேலை செய்வதாக நம்பப்படுகிறது என்பதற்கு இதே விளக்கத்தைத்தான் எழுதிவைத்திருக்கிறார்: அவற்றின் கோணங்கித்தனம் பார்வையைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறதாம். ஆனால் தாங்குவது வேறு, திருப்புவது வேறு. கேடுதாங்கியையும் அடித்துவிட்டேன்.

பரிகாரம் என்று ஒரு நண்பர் சொன்னார். அது இப்போது ஜோசியர் எழுதித் தரும் சீட்டு. தாண்டிப் போவோம்.

கிரேக்கச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டுவிடுவது சோம்பேறிகளின் வழி மட்டுமல்ல, சில இடங்களில் நேர்மையான வழியும்கூட. ஆய்வுக்கட்டுரை என்றால் நான் அதைத்தான் செய்திருப்பேன். சுவரில் ஒட்டும் அட்டையை எட்டாம் வகுப்புப் பிள்ளை நின்று படிக்கும். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் ஆசிரியர் "வரிசை வரிசை" என்று அடுத்த அறைக்கு ஓட்டிவிடுவார்.

எஞ்சியது காப்பு. இதில்தான் என் மனம் அதிக நாள் தங்கியது.

காரணம், தமிழில் இந்தக் காரியத்துக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றின் வினை இதுதான். புறநானூற்றின் 281ஆம் பாட்டு, அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டு ஒருவன் வீட்டில் கிடக்கிறான். அவன் மனைவி தோழியைக் கூப்பிடுகிறாள். இரவ மரத்துத் தழையையும் வேப்பிலையையும் வீட்டில் செருகுவோம், யாழோடு பல இசைக்கருவிகள் ஒலிக்கட்டும், ஐயவியைச் சிதறுவோம், ஆம்பல் குழல் ஊதுவோம், மணி அடிப்போம், காஞ்சிப் பண் பாடுவோம், வீடெங்கும் நறும்புகை போடுவோம் என்று அடுக்கிவிட்டு, "காக்கம் வம்மோ காதலந் தோழீ" என்கிறாள். காப்போம் வா. 'கழிப்போம் வா' அல்ல. புண்ணைத் தேடி வரும் பேய் இன்னும் வெளியேதான் நிற்கிறது, அதை உள்ளே விடாமல் இருக்கத்தான் இவ்வளவும்.

ஐயவி என்பது வெண்சிறுகடுகு. நாட்டு மருந்துக்கடையில் இன்றும் வெண்கடுகு என்று கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்கள், சாம்பிராணியோடு போட்டுப் புகைக்க. நெடுநல்வாடை ஓர் அரண்மனையின் வாயில் நிலையை 'ஐயவி அப்பிய நெய்யணி நெடுநிலை' என்கிறது. நெய்யையும் கடுகையும் குழைத்து நிலைக்கதவின் மேல் பூசியிருக்கிறார்கள். என் உரைகல்லுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? கேடு வாசலில் நிற்கிறது, வாசலிலேயே வேலை நடக்கிறது.

வாழ்க்கையிலும் காப்பு எங்கும் இருக்கிறது. கொங்குப் பக்கம் மார்கழி கடைசி நாளில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வீட்டு முகப்பிலும் தொழுவத்திலும் செருகுவது காப்புக்கட்டு. அம்மன் கோயில் திருவிழாவில் காப்புக் கட்டியாகிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்க மாட்டார்கள். நூலின் முதல் பாட்டு காப்பு. பிள்ளைத்தமிழின் முதல் பருவம் காப்பு. வைணவக் கோயிலில் நடை சாத்துவதைத் திருக்காப்பிடுதல் என்பார்கள். திருநீற்றுக்கும் காப்பு என்று பெயருண்டு.

குறையும் அங்கேதான். எங்கும் இருக்கிற சொல்லுக்குத் தன் சொந்த முகம் மங்கிவிடும். காப்புரிமை, காப்பீடு, காப்பகம் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். மண்வெட்டி பிடித்த கையில் காப்புக் காய்க்கும். மாலைச் செய்தித்தாளில் 'வாலிபருக்கு காப்பு' என்றால் ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். மாதிரிக்கு ஓர் அட்டையில் 'காப்புக் கண்கள்' என்று எழுதி வடிவமைப்பாளருக்கு அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் போன்.

"சார், காப்புன்னா வளையல்தானே? படத்துல வளையலே இல்லையே. படம் மாறிடுச்சா?"

அந்தப் பெண் கேட்டதில் தப்பே இல்லை. மணிக்கட்டில் காவலுக்குக் கட்டிய காப்பு நகையாகி, நகை மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

இதைவிடக் கூரான ஆட்சேபம் ஒன்றும் உண்டு, அது எனக்கே தோன்றியது. கிரேக்கத்தில் காவல் என்ற பொருளில் வேறொரு சொல் இருக்கிறது: பிலாக்டேரியோன். கழுத்திலும் கையிலும் கட்டிக்கொள்ளும் பொருளுக்கு அது பொருந்தும். காப்பின் நேர்ச்சொல் அதுதான். காவலாளி நம் பக்கம் நிற்கிறார், நம்மைச் சுற்றி நிற்கிறார். திருப்பி அனுப்புகிறவரோ எதிரியின் முகத்தைப் பார்த்து நிற்கிறார். கோர்பு தீவில் கி.மு. 580 வாக்கில் எழுந்த ஆர்ட்டெமிஸ் கோயிலின் முகப்பு நடுவில் கோர்கன் என்கிற அரக்கியின் உருவம் ஒன்று இருக்கிறதே, நாக்கைத் தொங்கவிட்டு, இடுப்பில் பாம்புகள் பிணைந்து, கோயிலுக்கு வருகிறவனை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு. அதைக் காப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது யாரையும் அணைத்து நிற்கவில்லை, துரத்துகிறது.

கடைசியில் பெயர்ச்சொல் தேடுவதை நிறுத்தினேன். மூலத்தில் இருப்பது அடைமொழி. தமிழில் அடைமொழியின் வேலையைப் பெயரெச்சம் அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும். விலகு என்றால் தானாக வழியைவிட்டு ஒதுங்குவது, விலக்கு என்றால் ஒதுங்கச் செய்வது. ட்ரெபெய்னுக்கு இவ்வளவு பக்கத்தில் வேறொரு வினை எனக்குக் கிடைக்கவில்லை. மதுவிலக்கு, வரிவிலக்கு என்று விலக்கும் ஊர்ப்பட்ட இடத்தில் வேலை பார்க்கிறது, உண்மைதான். ஆனால் முன்னால் 'தீங்கு' வந்துவிட்டால் குழப்பம் போய்விடுகிறது. 'தீமை விலக்கும்' என்றும் எழுதிப் பார்த்தேன். தீமையில் ஒரு பிரசங்க வாடை. தீங்கு வீட்டுச் சொல்.

எட்டு அட்டைகளையும் ஒரே அச்சில் வார்க்கவும் இல்லை. ஐந்தில் 'தீங்கு விலக்கும்' வந்தது: கண், கோர்கன் முகம், கேடயச் சின்னம் ஆகியவற்றுக்கு. குழந்தையின் கழுத்தில் கிடந்த தாயத்துகள் இரண்டுக்குக் 'காப்பு'. அங்கே அது பிலாக்டேரியோன்தான், வளையல் சந்தேகமும் வராது. 12ஆம் அட்டை இப்படி முடிந்தது: 'மதுக் கிண்ணம். ஏதென்ஸ், கி.மு. 530 வாக்கில். வெளிப்புறம் தீங்கு விலக்கும் கண்கள். குடிப்பவர் கிண்ணத்தை உயர்த்தும்போது அவர் முகத்தை மறைத்து, எதிரில் இருப்பவரைக் கிண்ணமே பார்க்கும்.' இருபது சொல். அந்தக் கண்கள் தீங்கை விலக்கத்தானா, இல்லை விருந்தில் முகமூடி விளையாட்டா என்று அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. ஐந்து சொல்லில் அதை எப்படித் தீர்ப்பது? விட்டுவிட்டேன்.

மிச்சம் ஒன்று, 31ஆம் அட்டை. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த நீர்க்குடம் ஒன்றில் குயவர் பட்டறையைத் தீட்டியிருக்கிறார்கள். ஒருவர் மண்ணை வனைகிறார், ஒருவர் பானையைத் தூக்கிக்கொண்டு போகிறார், வலது கோடியில் சூளை. சூளையின் மேல் தாடி வைத்த, அசிங்கமான ஒரு முகம் ஒட்டியிருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் சொல்தொகுப்பு எழுதிய போலக்ஸ், உலைக்களத்துக்காரர்கள் பொறாமையைத் தடுக்க உலைக்கு முன்னால் கேலியான உருவங்களைத் தொங்கவிடுவார்கள் என்கிறார். மூலக்குறிப்பு இங்கேயும் அப்போட்ரோபெயிக் என்றுதான் சொல்கிறது. நான் 'சூளையின் மேல் திருஷ்டி பொம்மை' என்று எழுதினேன். அந்த அட்டைக்கு மட்டும் வடிவமைப்பாளரிடமிருந்து போன் வரவில்லை.